ரசீது வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வக்கீலான என்னிடம் வருவது பெரும்பாலும் கோர்ட் கேஸுக்காக அல்ல. அரசு அலுவலகத்தில் எங்கோ மாட்டிக்கொண்ட ஒரு மனுவுக்காக. "மனு கொடுத்ததுக்கு ரசீது இருக்காம்மா?" என்று கேட்பேன். "இல்லங்க சார், அவரு வாங்கி வச்சுக்கிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னாரு" என்பார்கள். அந்த 'அவர்' மாற்றலாகிப் போனால், மனு கொடுத்ததற்கே சாட்சி கிடையாது.

கணவரை இழந்த ஒரு அம்மா ஓய்வூதியத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். ரேஷன் கார்டில் கணவர் பெயர் இனிஷியலோடு இருந்தது. இறப்புச் சான்றிதழில் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்திருந்தார்கள். நம்மவர்கள் வீட்டில் இது சர்வ சாதாரணம். குமாஸ்தா அந்தப் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, "டேலி ஆகல" என்று கட்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். பேனாவால் ஒரு வரி எழுதவில்லை. மனுவை முறைப்படி பதிவு செய்து, காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் வழி பிறந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு அஃபிடவிட் போதுமாக இருந்தது.

அந்தக் குமாஸ்தா கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டால் மெமோ வரும், தணிக்கையில் கேள்வி வரும், ரிட்டயர் ஆகும் நேரத்தில் பென்ஷன்கூட மாட்டும். ஃபைலைக் கிடப்பில் போட்டால் கேட்பாரில்லை. அப்புறம் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? காலியிடம் நிரப்பாததால் இரண்டு சீட் வேலையை ஒருவரே பார்க்கும் அலுவலகங்களும் உண்டு. 'அரசுப் பணி இறைவன் பணி' என்று கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் முகப்பில் பொறித்திருப்பதை அப்படியே நம்பி உழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களால்தான் இந்தத் தொழிலில் எனக்கு நம்பிக்கை மிச்சமிருக்கிறது.

தாமதத்துக்கும் விலை வைத்தது, அரசுச் சேவையைக் குறித்த நாளுக்குள் தரச் சொல்லும் கர்நாடகத்தின் சகாலா சட்டம். 2011-ல் இயற்றி, 2012-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள சேவைக்கு மனு கொடுத்தால் 15 இலக்க எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். எந்தத் தேதிக்குள் வேலை முடியவேண்டும் என்பதும் அதில் இருக்கும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்லவேண்டும். கெடு தாண்டினால் மேல்முறையீடு செய்து நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். அது பொறுப்பான அலுவலரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். தொகை சின்னதுதான். ஆனால் தாமதம் அவர் பெயரில் பதிவாகிறதே, அதுதான் பெரிய விஷயம்.

பட்டியலில் இல்லாத வேலை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். ஆகவே பட்ட கஷ்டத்தையெல்லாம் அதில் கொட்டாதீர்கள். மனு எண், தேதி எழுதி, அது இன்று யார் வசம் இருக்கிறது, அவரிடம் எந்தத் தேதியில் வந்தது, அதன்மேல் என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். குறிப்புப் பக்கங்களின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.