449 டொலர் அலுமினியப் பெட்டியும் எங்கள் ரீவி கேமும்

1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபமிகொம் விளையாட்டுப் பெட்டியை, அனலொக் என்ற நிறுவனம் அலுமினிய உடலோடு புதிதாகச் செய்து 2017இல் 449 டொலருக்கு விற்றது. பிறகும் இதே வழியில் வேறு பழைய பெட்டிகளைச் செய்தது. 'எமுலேற்றர் இல்லை' என்பதுதான் இவற்றின் பெரிய விளம்பரம். லீவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் ஒன்று சொல்லிவிடலாமா என்று கிளிநொச்சியில் நண்பர்கள் கேட்கிறார்கள். பெட்டி அருமையான பொறியியல். விளம்பரத்தைத்தான் அப்படியே நம்பக் கூடாது.

எமுலேற்றர் என்பது ஒரு மென்பொருள். பழைய சில்லுக்கான கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்து, அது செய்திருக்கக்கூடியதை இன்றைய கணினியில் செய்து காட்டும். அலுமினியப் பெட்டிக்குள் இருப்பது எஃப்.பி.ஜி.ஏ என்ற சில்லு. அதில் ஆயிரக்கணக்கான சின்னத் தர்க்கச் சுற்றுகள் உண்டு. அவற்றுக்கிடையிலான இணைப்புகளைத் தொழிற்சாலை முடிவாக்கி அனுப்புவதில்லை. மின்சாரம் கொடுத்ததும் ஒரு கோப்பு ஏறி, எது எதோடு சேரவேண்டும் என்று தீர்மானிக்கும். அப்புறம் ஃபமிகொமின் 1.79 மெகாஹேர்ட்ஸ் மூளைச் சில்லும் படம் வரையும் சில்லும் செய்த வேலைகளை அந்தச் சுற்றுகள் பழையபடி ஒரே நேரத்தில் செய்யும். பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் ஆள் பாய்வதற்கும் இடையில் தாமதம் மிகக் குறைவு.

சரி, அந்தக் கோப்பை எழுதியது யார்? நிண்டெண்டோ தன் வரைபடங்களைக் கொடுக்கவில்லை. பழைய சில்லுகளை அளந்து பார்த்து, அவை நடந்துகொள்ளும் விதத்தைப் பொறியியலாளர்கள் எழுதினார்கள். அவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டால் பிழை அப்படியே சுற்றாகும். என் பார்வையில் இதுவும் எமுலேற்றர்தான். மென்பொருளுக்குப் பதிலாகச் சுற்று.

ஒரு உதாரணம். படம் வரையும் சில்லால் ஒரு கிடைக்கோட்டில் 8 நகரும் உருத்துண்டுகளைத்தான் வரைய முடியும். ஒன்பதாவது காணாமல் போகும். ஒரே துண்டு முழுக்க மறையாமல் இருக்க, கேம் எழுதியவர்கள் வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எதிரிகள் கூடினால் உருவங்கள் மினுங்குவது அதனால்தான். அந்தக் குறைபாட்டையும் சரியாகப் பின்பற்றினால்தான் அது ஃபமிகொம். நன்றாக எழுதிய எமுலேற்றரும் இதைச் செய்யும்.

ரீவியை நோக்கிச் சுடும் விளையாட்டுத் துவக்கு இன்னொரு கதை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துவக்கின் முனையிலுள்ள ஒளி உணரி அதைப் பார்க்கும். பழைய குழாய் ரீவியில் ஒளி உடனே வரும். தட்டை ரீவி படத்தைச் சேர்த்து வைத்துக் காட்டுவதால் அந்தக் கணம் தவறிவிடும். 449 டொலர் பெட்டியானாலும் தட்டை ரீவியில் பழைய துவக்கு சுடாது. 2009 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவந்த முல்லைத்தீவு வீடுகளில் குழாய் ரீவிக்கு எங்கே போவது?

எனக்குப் பெரிய சந்தேகம் வேறு. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஜெனறேற்றரில் ஓட்டி நாங்கள் விளையாடியவை ஃபமிகொம் அல்ல, நகல்கள். கழற்றினால் உள்ளே முழு இயந்திரமும் ஒரே சில்லாக, கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் இருக்கும். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஓடும் எங்கள் ரீவிகளுக்காக அவை விநாடிக்கு 50 படம் காட்டின, ஜப்பானில் 60. ஆகவே 60க்கு எழுதிய கேம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, பின்னணி இசையும் இழுபட்டது. ஜப்பானிய அசலுக்கு எவ்வளவு நெருங்கினாலும், எங்கள் காதில் நிற்கும் வேகம் அதுவல்ல. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் மெசென் எமுலேற்றரில் இந்த 50 பட நகல்களுக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. காசு கொடுக்க முதல் அதில் ஒருமுறை விளையாடிப் பாருங்கள்.