காலில் உறைந்த கட்டியைக் கரைப்பது எது?

ஒற்றைக் கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியோடு வருபவருக்கு ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது உறுதியாகி மாத்திரை எழுதித் தரப்பட்டால், அது கட்டியைக் கரைத்துவிடும் என்றே வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். ‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை’ என்று வழங்கும் பெயரும் அந்த நினைப்புக்குத் துணைபோகிறது. உண்மையில் அம்மாத்திரை இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. கட்டியைக் கரைப்பதும் இல்லை. கட்டி மேலும் வளராமல் அது பார்த்துக்கொள்கிறது. கரைக்கிற வேலை உடலுடையது.

இரத்தம் உறையும்போது த்ராம்பின் என்னும் நொதி, இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. வலைபோல் பின்னிக்கொள்ளும் அவ்விழைகளில் சிவப்பணுக்கள் சிக்கிக் கட்டியாகின்றன. அந்த வலையை அறுப்பதற்கென்றே பிளாஸ்மின் என்னும் இன்னொரு நொதி உடலில் இருக்கிறது. நெடுநாள் படுக்கை, அறுவை சிகிச்சை, புற்றுநோய், கர்ப்பகாலம் போன்ற நிலைகளில் பின்னுவது மிகுந்து, அறுப்பது பின்தங்கிவிடுகிறது. அவ்வாறு காலில் உருவான கட்டியின் துண்டொன்று பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

நோயைக் கண்டறிவதற்கும் அந்த வலையே துப்புத் தருகிறது. பிளாஸ்மின் வலையை அறுக்கும்போது சிதறும் துணுக்குகளில் ஒன்றுதான் டி-டைமர். உடலில் எங்கோ கட்டி இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் உயர்ந்திருக்கும். ஆனால் நோய்த்தொற்று, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், முதுமை ஆகியவற்றிலும் அது உயரும் என்பதால், அளவு கூடியிருப்பதை மட்டும் வைத்து இரத்த உறைவு என்று முடிவு செய்துவிட முடியாது. அறிகுறிகளின்படி ஐயம் குறைவாக உள்ள ஒருவருக்கு டி-டைமரும் இயல்பாக இருந்தால், உறைவு இல்லை என்று பெரும்பாலும் நிம்மதியாகச் சொல்லலாம். அச்சோதனையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

ஐயம் வலுவாக இருந்தால் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்படும். தொடை இடுக்கிலும் முழங்காலின் பின்புறத்திலும் கருவியை வைத்துப் பார்த்தால், திரையில் சிரையும் தமனியும் அருகருகே இரண்டு கருவட்டங்களாகத் தெரியும். கருவியை மெல்ல அழுத்தியதும் நலமான சிரையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அந்த வட்டமே மறைந்துவிடும். பக்கத்துத் தமனி துடித்தபடி அப்படியே நிற்கும். உள்ளே கட்டி இருந்தால் சிரை முழுமையாக அமுங்காது. இத்தனை விலையுயர்ந்த கருவியில் மிக முக்கியமான சோதனை கையால் அழுத்திப் பார்ப்பதுதான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

சிகிச்சைக்கு நெடுங்காலம் கைகொடுத்த வார்ஃபரின், மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. 1920-களில் வட அமெரிக்காவில், இனிப்புக் குளோவர் என்னும் தீவனப்பயிரைப் பூஞ்சை பிடித்த நிலையில் தின்ற மாடுகள் இரத்தப்போக்கு நிற்காமல் மடிந்தன. 1933-இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், இறந்த பசுவோடும் உறையாத இரத்தம் நிரம்பிய பால் கேனோடும் பனிப்புயலில் வண்டியோட்டி வந்து, கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் ஆய்வகத்தில் நின்றார். லிங்க் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து அத்தீவனத்திலிருந்து டைகூமரால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் முதலில் எலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1954-இல்தான் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது.

இரத்தம் உறைவதற்கான ‘காரணிகள்’ எனப்படும் புரதங்களில் சிலவற்றைக் கல்லீரல் உருவாக்குவதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட அந்த வைட்டமினை உடல் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவதை வார்ஃபரின் தடுக்கிறது. ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள காரணிகள் தீரச் சில நாள்கள் ஆகும் என்பதால், முதல் ஐந்து நாள்களேனும் ஹெப்பாரின் வகை ஊசியும் சேர்த்துப் போடப்படுகிறது. பிறகு, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்னும் சோதனையில் அளவு 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரலாம், கூடினால் இரத்தம் கசியலாம். வைட்டமின் கே உள்ள முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தேவையில்லை, ஒரு வாரம் நாள்தோறும் உண்டு மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் அளவைக் குலைக்கும்.

ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகள், த்ராம்பினை உருவாக்கும் பத்தாம் காரணியை நேரடியாக அடக்குவதால் சில மணி நேரத்திலேயே வேலை செய்யத் தொடங்குகின்றன, ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. ஆயினும் செயற்கை உலோக இதய வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின்தான். எந்த மாத்திரையை உட்கொள்பவரானாலும், மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை வாங்கிப் போடுவது இரத்தக்கசிவை வரவழைக்கலாம்.

கட்டியை நேரடியாகக் கரைக்கும் ஊசிகளும் உண்டு. அவை பிளாஸ்மினைத் தூண்டி எங்குள்ள வலையையும் அறுத்துவிடக்கூடியவை. மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால், நுரையீரல் அடைப்பால் இரத்த அழுத்தமே சரியும் நிலை போன்ற நெருக்கடிகளுக்கென்று அவை ஒதுக்கப்படுகின்றன. மற்றவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை தொடர்கிறது. அதன்பின் எடுக்கும் ஸ்கேனில் சிரையின் சுவரில் தழும்புபோல் சிறிது எஞ்சியிருப்பதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லையோ என்று சிலர் கலங்குகிறார்கள். பிளாஸ்மின் அறுத்தது போக மீந்த பகுதி நார்த்திசுவாகிச் சிரையோடு ஒட்டிக்கொண்டதே அது.