ஒரு மாத மலத்தை வைத்துச் சீலின் உணவைக் கணக்கிடாதீர்கள்

கடலில் இரை தேடிக் கரையில் ஓய்வெடுக்கும் பாலூட்டி சீல். ஜூனில் கரையில் சேகரித்த அதன் மலத்தில் ஒரே வகை மீனின் எலும்பு நிறைந்திருந்தால், 'இங்குள்ள சீல்களின் உணவு இதுதான்' என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அதே கரையில் ஜனவரியில் சேகரித்தால் பட்டியலே மாறியிருக்கும்.

பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலின் சாம்பல் சீல், ஹார்பர் சீல் ஆகிய இரு இனங்களுக்கும் சாண்டீல் முக்கிய இரை. ஒரு சாணுக்கும் குறைவான இந்த மெலிந்த மீன், ஏப்ரல் முதல் ஜூலை வரை பகலில் மணலைவிட்டு எழுந்து மிதவை உயிரிகளைத் தின்று கொழுக்கிறது. இரவில் மணலுக்குள் புதைந்துகொள்கிறது. குளிர்காலத்தில் முட்டையிட வருவதைத் தவிர அது மணலைவிட்டு அதிகம் வெளிவராது. அப்போது சீல்களின் இரைப் பட்டியலில் ஹெர்ரிங், ஸ்ப்ராட், வைட்டிங், காட் ஆகிய மீன்களின் பங்கு கூடும்.

மீனின் பெயர் மட்டும் போதாது, கொழுப்பையும் பார்க்க வேண்டும். ஹெர்ரிங் முட்டையிட்டு முடித்து மெலிந்திருக்கும்போது அதன் கொழுப்பு மிகவும் குறைந்துவிடும். கோடை முடிவில் அதே மீன் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் கொழுப்போடு இருக்கும். காட் மீனின் சதையில் 1 சதவீதம்கூடத் தேறாது, கொழுப்பெல்லாம் ஈரலில்தான். வளர்ந்த சாம்பல் சீலின் ஒரு நாள் உணவு 4 முதல் 7 கிலோ என்று சொல்வதில் இத்தனை இடைவெளி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொழுத்த மீன் கிடைக்காத மாதத்தில் அதே பசிக்கு அதிகக் கிலோ தேவை.

ஸ்காட்லாந்தின் மோரே ஃபர்த் பகுதியில் இது தெளிவாகவே பதிவானது. ஹெர்ரிங், ஸ்ப்ராட் குஞ்சுகள் கரையோரம் திரளாக வந்த குளிர்காலங்களில் ஹார்பர் சீல்கள் அவற்றைத் தின்று தேறின. அவை வராத ஆண்டுகளில் வேறு மீன்களுக்கு மாறின. உடல் மெலிந்தது, இரத்தசோகையும் தென்பட்டது. இரையை மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதால் பாதிப்பே இல்லை என்று எண்ணக் கூடாது.

சீலின் சொந்த நாட்காட்டியும் கணக்கைக் குழப்பும். பிரிட்டன் கரைகளில் இலையுதிர்காலத்தில் குட்டி ஈனும் சாம்பல் சீல் தாய், சுமார் 18 நாட்கள் எதுவும் தின்னாமல், 60 சதவீதம்வரை கொழுப்புள்ள பாலைச் சுரக்கிறது. உடலில் சிறிய ஹார்பர் சீலுக்கு அவ்வளவு சேமிப்பு கிடையாது. ஜூன், ஜூலையில் பாலூட்டும் காலத்திலேயே அது இரை தேடக் கடலுக்குப் போய்வரும். இரண்டையும் ஒரே சராசரியில் அடக்குவது பெரும் தவறு.

மலத்தைச் சேகரிக்கும்போது இனம், இடம், தேதி மூன்றையும் பையிலேயே எழுதி உறையவையுங்கள். பிறகு ஊறவைத்து, அடுக்குச் சல்லடைகளில் அலசுங்கள்; கடைசிச் சல்லடையின் கண் அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சிறு செவிக்கற்கள் (மீனின் உள்காதில் இருக்கும் சுண்ணக் கற்கள்) தப்பிவிடும். செவிக்கல்லின் வடிவம் மீனின் இனத்தையும், நீளம் மீனின் அளவையும் காட்டும். ஆனால் செரிமானத்தில் அது தேய்கிறது. தேய்மானத்தைத் திருத்தாமல் கணக்கிட்டால் மீன் சிறியதாகவே தெரியும். ஹெர்ரிங்கின் மெல்லிய செவிக்கல் முழுவதுமே கரைந்துவிடலாம், காட் மீனின் தடித்த கல் தங்கிவிடும். திருக்கைக்கு இப்படிப்பட்ட கல்லே இல்லை. பெரிய சால்மனின் தலையைச் சீல் விட்டுவிட்டால் மலத்தில் அதன் செவிக்கல்லும் இருக்காது. இவற்றுக்கு டி.என்.ஏ. சோதனை உதவும், ஆனால் அது மீனின் அளவைச் சொல்லாது.

மலம் பெரும்பாலும் கடைசி ஓரிரு நாட்களின் இரையையே காட்டும். நெடுநாள் கடலில் இருந்த சீல் தொலைவில் தின்றது கரைக்கு வராது. அந்த இடைவெளியை நிரப்ப, மாதக்கணக்கில் வளரும் மீசை முடியின் ஐசோடோப்பும் (தின்ற இரையைப் பொறுத்து மாறும் அணு வகைகளின் விகிதம்), தோலடிக் கொழுப்பின் கொழுப்பமிலமும் வேண்டும்.

2024 மார்ச் முதல் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் சாண்டீல் பிடிப்பு நிறுத்தப்பட்டுள்ளது. அதன் பலனைச் சீல்களிடம் தேடுவோர் மே, ஜூன் மாதிரிகளை மே, ஜூன் மாதிரிகளோடும், குளிர்கால மாதிரிகளைக் குளிர்காலத்தோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். அதுவும் ஓர் ஆண்டில் முடிகிற வேலை இல்லை.