ஒரு நாள் குஞ்சைப் பார்த்து இனம் சொல்ல முடியுமா?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம், பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா அட்டைப்பெட்டியோடு என் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். உள்ளே இருபது குஞ்சுகள், முந்தின நாள் பொரித்தவை. “டாக்டரம்மா, சுத்த சிறுவிடைன்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க” என்றார். சிறுவிடை என்பது நம் ஊர்ச் சின்ன உடம்பு நாட்டுக்கோழி. பழுப்பு உடம்பு, முதுகில் அணிலுக்கு இருப்பதுபோல் வரி. யார் பார்த்தாலும் நாட்டுக்குஞ்சு என்றுதான் சொல்வார்கள்.

பெட்டியோடு தராசில் வைத்து, வெறும் பெட்டியின் எடையைக் கழித்தேன். 780 கிராம் வந்தது. ஒரு குஞ்சுக்கு 39 கிராம்.

பொரித்தவுடன் குஞ்சின் எடை, அது வெளிவந்த முட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 39 கிராம் குஞ்சு என்றால் முட்டை 58 கிராமுக்குப் பக்கத்தில். நம் ஊர்ச் சிறுவிடை இடுவது 40 கிராம் அளவில்தான். அதன் குஞ்சு 27, 28 கிராமைத் தாண்டுவது அரிது. ஆக, இந்தக் குஞ்சுகளின் தாய் சிறுவிடை இல்லை. கறிக்காக வளர்க்கும் கலர்க் கோழியோ, கிரிராஜா, வனராஜா போன்ற மேம்படுத்திய வகையோ, அவற்றின் கலப்போ. அந்த அம்மாவிடம் சொன்னேன். பணம் கொடுத்தாகிவிட்டது, வளர்த்துப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனார்.

பத்தே வாரத்தில் கிலோவைத் தாண்டின. சிறுவிடைக்கு அந்த எடை வர ஐந்து மாதமாவது ஆகும். சீக்கிரம் வளர்ந்தது லாபம்தானே என்று தோன்றும். ஆனால் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோனபோது, வியாபாரி கால் தடிமனைப் பார்த்ததுமே நாட்டுக்கோழி விலை கிடையாது என்று சொல்லிவிட்டார். மீதி வைத்திருந்த பெட்டைகள் முட்டை நன்றாகவே இட்டன, ஒன்றுகூட அடையில் உட்காரவில்லை. அந்த அம்மா கோழி வாங்கியதே, தானே அடைகாத்துக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும் தாய்க்கோழி வேண்டும் என்றுதான். எனக்கு இன்றும் வலிக்கிற இடம் அதுதான்.

கிரிராஜாவோ வனராஜாவோ மட்டமான கோழி என்று சொல்லவில்லை. ஒன்று பெங்களூரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவானது, மற்றது ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகத்தில். புறக்கடையில் முட்டையும் கறியும் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்றே கொண்டுவந்தவை. அதன் பெயரைச் சொல்லி விற்றால் நானே வாங்கச் சொல்வேன். சிறுவிடை என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

எடை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. தீவனம் தின்னாத, அன்றோ முந்தின நாளோ பொரித்த குஞ்சாக இருக்க வேண்டும். பத்துக் குஞ்சையாவது சேர்த்து நிறுக்க வேண்டும். எடை கூடுதலாக இருந்தால் சிறுவிடை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். குறைவாக இருந்தால் சிறுவிடைதான் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் முதல் முறை முட்டையிடும் எந்தப் பெட்டையும் சின்ன முட்டைதான் இடும். தகப்பன் யார் என்பதையும் தராசு சொல்லாது. குஞ்சிடம் பார்க்கிற அடையாளங்கள் பெரும்பாலும் இப்படித்தான்: இல்லை என்று சொல்ல உதவும், ஆமாம் என்று சொல்ல உதவாது.

பூவை, அதாவது கொண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கோழி இனமான அசீலின் குஞ்சில் அலகுக்கு மேலே உற்றுப் பார்த்தால், ஒற்றைக் கோடாக இல்லாமல் மூன்று வரிசையாகச் சின்னச் சின்ன மேடு தெரியும். இந்த மூன்று வரிப் பூ ஓங்கிய பண்பு. தாய் தகப்பனில் ஒன்று தூய அசீலாக இருந்தாலே குஞ்சுக்கு வந்துவிடும். அதனால் அசீல் என்று விற்கிற கூட்டத்தில் கத்திப்பூ (ஒற்றை வரிப் பூ) உள்ள குஞ்சு கலந்திருந்தால் அது கலப்பு. எல்லாமே மூன்று வரிப் பூவாக இருந்தால் பாதி அசீலாகவும் இருக்கலாம். (நம் பக்கத்துப் பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடையில் கத்திப்பூவும் உண்டு. அசீல் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.)

கழுத்தில் முடியில்லாத கிராப்புக் கோழியில் மட்டும் நிலைமை வேறு. பொரித்த அன்றே கழுத்து மொட்டையாகத் தெரியும். அடிக்கழுத்தின் முன்பக்கம் ஒரு கொத்து முடி இருந்தால் தாய் தகப்பனில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அந்தப் பண்பு வந்திருக்கிறது, முழு மொட்டையென்றால் இரண்டு பக்கமும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அதிகம் பேர் ஏமாறுவது கருங்கோழியில். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தார் பகுதிக் கோழி. ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் குஞ்சு நீலம் கலந்த கறுப்பாக, முதுகில் ஒழுங்கில்லாத கரும்பட்டையோடு இருக்கும். வாயைத் திறந்து காட்டி, “நாக்கு கறுப்பு, தோல் கறுப்பு, வேறென்ன வேண்டும்?” என்பார்கள். தோலைக் கறுப்பாக்கும் பண்பும் ஓங்கியதுதான். கடக்நாத் சேவலைக் கருங்கால் நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே கருந்தோலோடு வரும். முட்டைக்கென்றே வளர்க்கும் மஞ்சள் கால் லேயர் கோழியோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் கறுத்தும், சேவல் குஞ்சுகள் வெளுத்தும் வரும். ஒரே பெட்டியில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கால்விரலையும் எண்ணுங்கள். கடக்நாத்துக்கு நான்கு. ஐந்து இருந்தால் சில்க்கி என்ற வெளிநாட்டுக் கோழியினம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அதற்கும் தோல் கறுப்புதான். கடக்நாத் முட்டை கறுப்பு என்று யாராவது சொன்னால் அங்கே வாங்கவே வேண்டாம். வெளிர் பழுப்பு நிறத்தில்தான் இடும்.

இறக்கை நுனியைப் பிரித்துப் பார்த்துப் பெட்டையா சேவலா என்று சொல்கிறவர்களும் உண்டு. அதற்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய லேயர், பிராய்லர் வகைகளில் அது சரியாக வரும். நாட்டுக்குஞ்சில் வராது. தெருவில் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றி விற்பவை பெரும்பாலும் லேயர் பொரிப்பகங்களில் கழித்த சேவல் குஞ்சுகள். குழந்தை அழுதாலும் வாங்காதீர்கள், பாதி வழியிலேயே சாகும்.

பிறகு எப்படித்தான் வாங்குவது? தாய்க்கோழியையும் சேவலையும் நேரில் பாருங்கள். அடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கோழியையாவது காட்டச் சொல்லுங்கள். ஒரே நிறக் குஞ்சுதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். நம் சிறுவிடைக் கூட்டத்தில் கறுப்பு, செம்பழுப்பு, வரி, புள்ளி எல்லாம் கலந்தே பொரிக்கும். ஓசூர் பக்கம் இருப்பவர்கள் மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியில் விசாரித்துவிட்டு வாங்கலாம்.

கலப்புக் குஞ்சை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைக் கொன்று கழிக்க வேண்டாம். முட்டையை எடுத்து விற்கலாம், சாப்பிடலாம். அந்த முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் அடைக்கு வைத்துவிடாதீர்கள். அடுத்த தலைமுறையில் ஒன்று தாத்தாவைப்போல, ஒன்று பாட்டியைப்போலப் பிரிந்து வரும், பார்வைக்கு நாட்டுக்கோழியாகவே இருக்கும் சிலதும் அடைகாக்காது. கலப்புச் சேவலைச் சீக்கிரமே கறிக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பாலக்கோட்டு அம்மாவும் அதைத்தான் செய்தார். பிறகு அவருடைய அண்ணி வீட்டிலிருந்து அடையில் இருந்த ஒரு சிறுவிடையை, அடியிலிருந்த பதினோரு முட்டையோடு ராத்திரியில் கூடையில் தூக்கி வந்தார். ஒன்பது பொரித்தன.