ஆட்டம் நின்றால் சம்பளமும் நின்றுவிடுமா?

போன வாரம் வந்த தம்பியையும் சேர்த்தால், இந்த வருடம் என் வக்கீல் சேம்பருக்குச் சம்பள பாக்கி என்று வந்த கால்பந்து வீரர்கள் ஏழு பேர். அந்தத் தம்பிக்கு வயது இருபத்து மூன்று. வடசென்னைப் பையன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவரும் கூடவே வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெளிமாநில அணி ஒன்றோடு இரண்டு வருட ஒப்பந்தம். ஐந்து மாதமாகச் சம்பளம் வரவில்லை.

"ஒப்பந்தத்தைக் காட்டுப்பா" என்றேன். போனை நீட்டினான். கேலரியில் பதினொரு படங்கள். கல்யாண போட்டோ, பிரியாணி போட்டோ எல்லாவற்றுக்கும் நடுவில் ஒப்பந்தத்தின் பக்கங்கள். ஆறாம் பக்கத்துக்கு அடுத்து எட்டாம் பக்கம்.

"ஏழு எங்கே?"

"அவசரத்துல விட்டுப்போச்சு சார். ஒரிஜினல் அவங்க கிட்டயே இருக்கு."

அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறந்தோம். அணி மேலாளர் அனுப்பியிருந்தார்: லீக் தொடங்குகிற தேதி தெரியவில்லை, தற்போதைய நிலைமையில் எல்லோருக்கும் பாதிச் சம்பளம்தான். அதற்குக் கீழே இவன் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருக்கிறான். ஏன் போட்டாய் என்று கேட்டால், "பார்த்துட்டேன்னு அர்த்தத்துல சார்."

கனடாவில் ஆளி விதை விற்பனை வழக்கு ஒன்றில், 2023-ல், இதே கட்டைவிரல் படத்தைக் கையெழுத்துக்குச் சமம் என்று நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார் என்று நான் எந்த நம்பிக்கையில் இருப்பது?

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லை (இந்தியன் சூப்பர் லீக்) நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான வணிக உரிமை ஒப்பந்தம் 2010 டிசம்பரில் போடப்பட்டது. பதினைந்து வருடம். 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டாததால் 2025 ஜூலையில் சீசனையே நிறுத்திவைத்தார்கள். நவம்பரில் புது டெண்டர் விட்டார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரியில்தான் சுருக்கமான ஒரு சீசன் தொடங்கியது. நடுவில் போன மாதங்களில் சில அணிகள் சம்பளத்தை நிறுத்தின, சில குறைத்தன. பெரிய லீக் தும்மினால் கீழே உள்ள அணிகளுக்குக் காய்ச்சலே வந்துவிடும். அங்கே பாக்கி வைப்பது முன்பிருந்தே பழக்கம். இப்போது சொல்ல ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

வருகிறவர்கள் எல்லோரும், சில பயிற்சியாளர்கள் உட்பட, ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "மேட்சே நடக்கலையே சார், எப்படிச் சம்பளம் கேக்கறது?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஒப்பந்தம் லீக்கோடு இல்லை, அணியோடு. உங்களுக்கு மாதச் சம்பளம் தருவதாகக் கையெழுத்துப் போட்டது அணி. லீக்குக்கும் சம்மேளனத்துக்கும் சண்டை என்றால் அது அவர்கள் பிரச்சினை. தியேட்டரில் படம் ஓடவில்லை என்பதற்காக ஆபரேட்டருடைய மாதச் சம்பளத்தை வெட்டுவார்களா? நீங்கள் மேட்சுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு போனவர் இல்லை. காலையில் பயிற்சி, உடம்பைத் தயாராக வைத்திருப்பது, வேறு அணிக்கு ஆடாமல் இருப்பது, எல்லாமே அந்தச் சம்பளத்துக்குள் அடக்கம். "வேறு அணிக்கு ஆடக்கூடாது" என்ற பிரிவை மட்டும் அணி மறப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

உடனே 'ஃபோர்ஸ் மஜூர்' என்பார்கள். வெள்ளம், போர், கொள்ளைநோய் மாதிரி யார் கையிலும் இல்லாத, முன்கூட்டித் தெரியாத நிகழ்வு என்று அதற்குப் பொருள். பதினைந்து வருடத்துக்கு முன்பே தாளில் அடித்துவைத்த ஒரு தேதி வந்து சேர்ந்தது எப்படி எதிர்பாராத நிகழ்வு ஆகும்? 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவும், ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால்தான் உதவிக்கு வரும். கையில் பணம் குறைந்துவிட்டது என்பது அதில் சேராது. கொரோனா காலத்திலேயே உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, அணியும் வீரரும் உட்கார்ந்து பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொன்னது. தன்னிச்சையாக வெட்டிக்கொள்ள அனுமதிச் சீட்டு எதுவும் கொடுத்துவிடவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, மறைக்க மாட்டேன். லீக் நடந்தால்தான் சம்பளம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் கதை வேறு. அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கத்தான் எனக்கு ஏழாம் பக்கம் வேண்டும்.

இன்னொரு எரிச்சல். லீக் நின்றாலே "பிளேயர்ஸ் ஸ்டிரைக்" என்று தலைப்புப் போடுவது. வேலைநிறுத்தம் தொழிலாளி செய்வது, கதவடைப்பு முதலாளி செய்வது. மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர்களில் இந்த வித்தியாசம் டீக்கடையிலேயே தெரியும். விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் மறந்துபோகிறது. 2011-ல் அமெரிக்காவின் என்எஃப்எல் (பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அவர்கள் ஊர்க் கால்பந்து) நாலு மாதத்துக்கு மேல் முடங்கியது. அதையும் பலர் ஸ்டிரைக் என்றே எழுதினார்கள். அங்கே மார்ச் 12 அன்று கதவை இழுத்துப் பூட்டியது அணி முதலாளிகள்.

அந்தச் சண்டையில் நமக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 900 கோடி டாலர் வருமானம். அதில் முதல் 100 கோடியை முதலாளிகள் ஏற்கெனவே தனியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். செலவு கூடிவிட்டது, இன்னொரு 100 கோடி வேண்டும் என்றார்கள். வீரர்கள் சங்கம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: பத்து வருடத் தணிக்கைக் கணக்கைக் காட்டுங்கள். காட்டவில்லை. முப்பத்திரண்டு அணிகளில் கணக்கை ஊருக்குக் காட்டுவது கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும்தான், அது ஊர்மக்கள் பங்கு வைத்திருக்கும் அணி. இன்னொரு பக்கம், ஆட்டமே நடக்காவிட்டாலும் டிவி நிறுவனங்களிடமிருந்து 400 கோடி டாலர் வரும்படி முதலாளிகள் முன்பே ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். டிவி ஒப்பந்தம் பேசும்போது வீரர்களின் நலனையும் பார்த்திருக்க வேண்டும் என்று நீதிபதி டேவிட் டோட்டி தீர்ப்பளித்தார். பூட்டுப் போடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு வந்த தீர்ப்பு அது. வயிறு நிறைந்தவனோடு பட்டினிப் போட்டி வைக்க முடியாது என்பது அந்த நீதிபதிக்குப் புரிந்திருந்தது.

ஜூலை 25-ல் சமரசம். பத்து வருட ஒப்பந்தம், மொத்த வருமானத்தில் 47 சதவீதத்துக்குக் குறையாமல் வீரர்களுக்கு. கடைசியில் ரத்தானது ஒரே ஒரு காட்சிப் போட்டி.

அதே வருடம் ஆகஸ்டில் ஸ்பெயின் கால்பந்து லீக்கில் நடந்தது நிஜமான வேலைநிறுத்தம். 200-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சுமார் 5 கோடி யூரோ பாக்கி. லீக்கின் முதல் சுற்றே நடக்கவில்லை. பாக்கி இல்லாத பெரிய அணி நட்சத்திரங்களும் சேர்ந்து நின்றார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். பேச்சுவார்த்தையின் மையத்தில் இருந்தது சம்பள உத்தரவாத நிதி. அணி கைவிரித்தால் லீக் கொடுக்க வேண்டும்.

நம் ஊரில் ஒவ்வொரு கூட்டத்திலும் "எல்லாத் தரப்பும் அமர்ந்து பேச வேண்டும்" என்று ஒரு தீர்மானம் போடுகிறார்கள். சரி, பேசலாம். அந்த மேசையில் வீரர்களுக்கு நாற்காலி எங்கே? வீரர்கள் சங்கம் ஒன்று 2006 முதல் இருக்கிறது, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா முன்னின்று தொடங்கியது. அதில் உறுப்பினரா என்று அந்த ஏழு பேரிடமும் கேட்டேன். ஒருவர் மட்டும் ஆமாம் என்றார்.

என்னைக் கேட்டால், சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொரு அணியும் மூன்று மாதச் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். கட்டாதவர்களுக்கு உரிமம் கிடையாது. நஷ்டம் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்க வருகிற அணி தணிக்கைக் கணக்கோடு வரட்டும். குறைப்பதென்றால் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் வேண்டாம், சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தமாகப் போடட்டும். சம்பள வழக்கை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கட்டும். இருபத்தெட்டு வயதில் வேகம் குறையத் தொடங்குகிற தொழிலில் மூன்று வருடம் வழக்கு நடத்துவது கொடுமை. உத்தரவாதம் கேட்டால் சின்ன அணிகள் ஓடிவிடும் என்பார்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கு வழியில்லாத அணி ஓடுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

இதெல்லாம் வரும்போது வரட்டும். இப்போது பாக்கியோடு நிற்பவர்கள் கவனியுங்கள். சும்மா இருக்காதீர்கள். ஃபிஃபா விதி 14 பிஸ் சொல்வது இது: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். வரிசை முக்கியம். கோபத்தில் முகாமை விட்டு ஊருக்கு வண்டி ஏறிவிட்டு, பிறகு நோட்டீஸ் அனுப்பினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அணி உங்களைப் பயிற்சிக்குக் கூப்பிடவில்லையா? "நான் தயாராக இருக்கிறேன், எப்போது வரட்டும்" என்று மின்னஞ்சல் போடுங்கள். மாதம் ஒன்று போதும். என் அனுபவத்தில் வழக்கைத் தூக்கி நிறுத்துவது இந்த இரண்டு வரி மின்னஞ்சல்தான்.

நோட்டீஸை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். இந்திய வீரர், இந்திய அணி என்றால் புகாரோடு போக வேண்டிய இடம் அகில இந்தியச் சம்மேளனத்தின் பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டி. வெளிநாட்டு அணிக்கு ஆடியவர் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே இரண்டு வருடக் கெடு. "உறவு கெட்டுவிடுமே" என்று மூன்றாவது வருடம் வருகிறவர்களுக்கு நான் டீ மட்டும்தான் வாங்கிக் கொடுக்க முடியும். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு அணி எவ்வளவு டிடிஎஸ் கட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பிடித்ததாகச் சொன்ன வரியே அங்கே இல்லாமல் போன கதைகள் உண்டு.

பெற்றோர்களிடம் ஒரு கெஞ்சல். பையனுக்குக் கையெழுத்துப் போடும் நாள் சந்தோஷமான நாள்தான், மாலை போடுங்கள், ஸ்டேட்டஸ் வையுங்கள். ஆனால் எல்லாப் பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்தும் உள்ள ஒரு பிரதி கைக்கு வராமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

அந்தத் தம்பியின் அணிக்கு நேற்று மின்னஞ்சல் போனது. பாதிச் சம்பளத்துக்குச் சம்மதமில்லை, ஐந்து மாதப் பாக்கியைப் 15 நாளில் கொடுங்கள், ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் அனுப்புங்கள். ஒரு மணி நேரத்தில் மேலாளர் அவனுக்கு வாட்ஸ்அப் செய்துவிட்டார்: "எதுக்கு ப்ரோ வக்கீல் எல்லாம், பேசிக்கலாமே." பதிலுக்கு எந்தப் படமும் போடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.