நிக்கான் டி850: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2017-இல் வந்த நிக்கான் டி850 என்ற டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த) கேமரா இப்போது செகண்ட்ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் கல்யாணம் எடுப்பவர்கள், 45 மெகாபிக்சல் என்றதும் தெளிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று எண்ணி வாங்குகிறார்கள். அது தவறான கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தின் நீளம் 6000 பிக்சல், டி850 படத்தின் நீளம் 8256. நீளவாக்கில் கூடுவது 38 சதவீதம்தான். 12x36 அங்குல ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து படம் வைப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. பெரிய பேனர், நகை, கட்டடம், ஓவியப் பிரதி எடுப்பவருக்குத்தான் படும். அவருக்கும் கை அசைவு, ஃபோகஸ், லென்ஸ் மூன்றும் சரியாக அமைய வேண்டும்.

கை அசைவு: இதன் பிக்சல் அகலம் 4.35 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் (இதே அளவு சென்சார்) கிட்டத்தட்ட 6 மைக்ரான். பிக்சல் சிறிதாகச் சிறிதாக, முன்பு மறைந்திருந்த சிறு அசைவும் படத்தைப் பெரிதாக்கும்போது வெளியே வந்துவிடும். 85 எம்எம் லென்ஸுக்கு 1/85 நொடி போதும் என்ற பழைய விதி இங்கே உதவாது. 1/200-க்குக் கீழே இறங்காதீர்கள். ட்ரைபாடில் வைத்தாலும் கண்ணாடி எகிறும் அதிர்ச்சி உண்டு. மிரர்-அப் முறையோடு (கண்ணாடியை முன்பே தூக்கி வைப்பது) எலக்ட்ரானிக் முன்திரை ஷட்டரையும் (திரை அசையாமல் சென்சாரே பதிவைத் தொடங்குவது) சேர்த்தே பயன்படுத்துங்கள். அப்பெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) எஃப் 11-க்கு மேல் மூடினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் கூர்மை குறையத் தொடங்கும். எஃப் 16-இல் எடுத்தால், கூடுதல் பிக்சலுக்காகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண்.

அதிகப் புகார் வருவது ஃபோகஸில்தான். "கண்ணில் பாயின்ட் வைத்தேன், காது மடல்தான் ஷார்ப்பாக வந்திருக்கிறது" என்பார்கள். டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. முன்னது கண்ணாடிக்குக் கீழே, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒளி போகும் தூரத்தில் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் முன்னே பின்னே விலகும். லென்ஸைக் குறை சொல்லும் முன் இதைச் செய்து பாருங்கள். ட்ரைபாடில் கேமராவை வைத்து, நீங்கள் வழக்கமாக எடுக்கும் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், எழுத்துள்ள தட்டையான அட்டை ஒன்றை நேர் எதிரே நிறுத்துங்கள். அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்து, பெரிதாக்கிச் சரிபாருங்கள். பிறகு ஏ.எஃப். பட்டனையும் வீடியோ பதிவு பட்டனையும் சேர்த்து இரண்டு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், கேமராவே திருத்த எண்ணைக் கணக்கிடும். ஒரே தடவையில் வந்த எண்ணை நம்ப வேண்டாம். ஐந்தாறு முறை எடுத்து, சராசரியை மெனுவில் பதியுங்கள். அங்கே ஃபைன்-ட்யூன் (இந்தத் திருத்தம்) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜூம் லென்ஸுக்கு ஒரே எண்தான் பதிய முடியும். அதிகம் பயன்படுத்தும் ஃபோகல் நீளத்தில் சோதியுங்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கேமராவின் உண்மையான பலம் மெகாபிக்சல் அல்ல, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் அளவு) 64. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி வெளுத்துப் போகாதபடி எக்ஸ்போஷர் வைத்து, இருண்ட முகத்தை ரா ஃபைலில் (சென்சார் பதிந்த மூலக் கோப்பு) வெளிச்சம் ஏற்றினால் நிறம் கெடாமல் எழும். ஆனால் மண்டபத்துக்குள் 3200-க்குப் போய்விட்டால் இந்தச் சலுகை கிடையாது.

இதில் லோ-பாஸ் ஃபில்டர் (நுண் விவரத்தைச் சற்று மழுக்கும் வடிகட்டி) இல்லை. அதனால் நுண்ணிய விவரம் கூர்மையாக வரும், ஆனால் நெருக்கமான பட்டு நெசவில் வானவில் போன்ற வரிகளும் வரலாம். எடுக்கும்போதே பெரிதாக்கிப் பார்த்து, தெரிந்தால் ஓரடி தள்ளி நின்று இன்னொன்று எடுங்கள். எடிட்டிங்கில் அதை நீக்குவது பெரும்பாடு.

சத்தமில்லாத ஷட்டர் லைவ் வியூவில் மட்டும்தான். அப்போது ஃபிளாஷ் எரியாது, எல்.இ.டி. வெளிச்சத்தில் பட்டை விழும், ஓடுபவர் சாய்ந்து தெரிவார். லைவ் வியூ ஃபோகஸும் மெதுவானது; தாலி கட்டும் நேரத்தில் அதை நம்பாதீர்கள்.

சேமிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 14-பிட் லாஸ்லெஸ் (தரம் குறையாமல் சுருக்கிய) ரா ஃபைல் ஒன்று சுமார் 50 எம்பி. 2000 படம் என்றால் 100 ஜிபி. பேக்கப் இரண்டு வைத்தால் 300 ஜிபி. ஒரு ஸ்லாட்டில் எக்ஸ்.க்யூ.டி. (வேகமான கார்டு வகை), மற்றதில் மலிவான எஸ்.டி. கார்டு போட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிந்தால், மெதுவான கார்டின் வேகத்துக்குத்தான் கேமரா ஓடும்.

பழைய கேமரா வாங்கும்போது, கேமராவிலிருந்து நேரடியாக எடுத்த ஒரு ஃபைலை வாங்கி ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்த ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள கறை தெரியும். எக்ஸ்.க்யூ.டி. கார்டு கிடைப்பது அரிதாகிவிட்டது; அதற்குப் பதில் அதே ஸ்லாட்டில் சி.எஃப்.எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு வேலை செய்ய ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) 1.20 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். பழையது இருந்தால் நிக்கான் தளத்தில் இலவசமாக இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்.