போட்டித் தனிக்கு நோட்டுப் புத்தகம் போதுமா?

மார்கழி நெருங்கினால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே ரகம். "சார், போட்டிக்கு ஒரு பத்து நிமிஷத் தனி எழுதிக் கொடுத்துடுங்க. பையன் மனப்பாடம் பண்ணிடுவான்." தனி என்றால் தனி ஆவர்த்தனம், பாட்டின் நடுவே மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி. மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் சில வருஷங்கள் நானும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தவன்தான். ஒரு போட்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்று என் மாணவன் ஆதி தாளத்தில் தனி வாசித்தான். சர்வலகு (தாளத்தோடு இயல்பாக ஓடும் வாசிப்பு), இரண்டு கோர்வை (மூன்று முறை வாசித்து முடிக்கும், கணக்குப் போட்டுக் கட்டிய சொற்கட்டு), திஸ்ர நடை (மும்மூன்றாக வரும் நடை), மோரா (முடிவுக் கோர்வைக்கு முன் வரும் சொற்கட்டு), முடிவுக் கோர்வை எல்லாமே நான் எழுதியது. ஒரு மாதமாகத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் அன்று உடன் பாடியவர் எடுத்த பாட்டு அரை இடம், அதாவது தாளம் தொடங்கி அரை அட்சரம் (அட்சரம் தாளத்தின் ஓர் எண்ணிக்கை) கழித்துத் தொடங்குவது. பையனின் முடிவுக் கோர்வையோ சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, எழுதியது. கடைசி 'தொம்' சமத்துக்கு முன்னால் கச்சிதமாக விழுந்தது. பாட்டு தொடங்க இன்னும் அரை அட்சரம் இருக்கிறது. பாடகர் வாயைத் திறந்து மூடினார். நடுவர் பேனாவை எடுத்தார். பையன் ஒரு எழுத்துகூடத் தப்பாக வாசிக்கவில்லை. தப்பு என்னுடையது. கோர்வையைக் கொடுத்தேனே ஒழிய, அதன் கணக்கைக் கொடுக்கவில்லை.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், கூட்டல் மட்டும்தான். ஒரு களை (அட்சரத்துக்கு ஒரு தட்டு) ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எட்டு அட்சரம்; அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32 மாத்திரை. 'ததிகிணதொம்' என்ற சொல் ஐந்து மாத்திரை, இரண்டு தரம் சொன்னால் பத்து. அந்தப் பத்தை மூன்று முறை வாசித்து, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 10+1+10+1+10, ஆக 32. சமத்தில் ஆரம்பித்தால் அடுத்த சமத்தில் பாட்டைப் பிடிக்கலாம். பாட்டு அரை இடமா? இன்னும் இரண்டு மாத்திரை வேண்டும். கார்வையை இரண்டாக்குங்கள், 34 வந்துவிடும். ஒன்றரை இடமா, அதாவது சமத்திலிருந்து ஆறு மாத்திரை தள்ளியா? கார்வை நான்கு, மொத்தம் 38. சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மூச்சுவிடும் இடம்தான் நீண்டது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் ஆவர்த்தனத்துக்கு 14, மூன்று ஆவர்த்தனத்துக்கு 42 மாத்திரை. அங்கே இதே பத்தை வைத்தால் கார்வை ஆறாகித் தொங்கும், கேட்க நன்றாக இருக்காது. பத்தைப் பன்னிரண்டாக்கிக் கார்வையை மூன்றாக்கினால் சரியாக உட்காரும். இது புரிந்த பிள்ளைக்குக் கோர்வை எழுதியதா, அந்த நேரத்தில் தோன்றியதா என்ற கேள்வியே வராது.

அதற்காக நோட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொரு மாணவி, அருமையான கை, எதையும் எழுதிவைக்க மாட்டாள். "மனோதர்மம் சார்" என்பாள், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது. ஒரு போட்டியில் முதல் இரண்டு நிமிஷம் சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாலாவது நிமிஷத்தில் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் காலப்பிரமாணம் (வேகம்) ஓட ஆரம்பித்தது. பதற்றத்தில் கை தனக்குப் பழகிய இடத்துக்குத்தான் போகும். அந்தக் கைப்பழக்கத்துக்கு மனோதர்மம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அவளிடம் யோசனைகள் நிறைய இருந்தன, ஒன்றுக்கும் முடிவு இல்லை.

ஆகவே இப்போது நான் எழுதிக் கொடுப்பது தனியின் வால் பகுதியை மட்டும்: மோராவும் முடிவுக் கோர்வையும். அதையும் சமம், அரை, ஒன்றரை என்று மூன்று இடத்துக்கும் மாணவரே கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டும். முன்பகுதி அவர்கள் பாடு. சர்வலகு எப்படி நடக்க வேண்டும் என்று கேட்பவர்களை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கச் சொல்வேன். 1962இல் மறைந்தவர். அவர் கையில் கணக்கு பாட்டோடு பாட்டாக நடந்து போகும். (அதையும் அப்படியே காப்பி அடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. என்ன செய்ய!)

நடுவராக உட்காரும்போது இன்னொன்றும் பார்க்கிறேன். யூடியூபிலிருந்து இறக்கிய கோர்வை என்று சந்தேகம் வந்தால், "தாளம் போட்டுக்கிட்டு அதை வாயால சொல்லுப்பா" என்பேன். விரலால் மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது வரியிலேயே மேலே பார்ப்பார்கள். நேரமும் அப்படித்தான். பன்னிரண்டு நிமிஷத்துக்குத் தைத்த தனியை எட்டாவது நிமிஷத்தில் மணி அடித்து நிறுத்தச் சொன்னால், மனப்பாடக்காரர் திஸ்ர நடையிலேயே மாட்டிக்கொள்வார். சதுஸ்ரத்துக்கு (நான்கு நான்காக வரும் வழக்கமான நடைக்கு) திரும்பும் வழி அவர் நோட்டில் நாலு பக்கம் தள்ளி இருக்கும்.

இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி உண்டு. மாணவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது நினைத்த நேரத்தில் மணி அடிக்க வேண்டும். அடித்ததும், எந்த நடையில் இருந்தாலும், சதுஸ்ரத்துக்கு வந்து மோரா வாசித்து, கோர்வை வைத்துப் பாட்டைப் பிடிக்க வேண்டும். எந்த இடத்துப் பாட்டு என்பதையும் மணி அடிப்பவரே அப்போதுதான் சொல்வார். என் மாணவன் ஒருவன் வீட்டில் இந்த வேலை பாட்டியுடையது. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டி, "ஒன்றரை இடம்டா!" என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார். போன வாரம் இரண்டு தடவை தவறவிட்டான். மூன்றாவது தடவை பிடித்துவிட்டான்.